காசு கொடுத்து வாங்கிய ஒரே ஒருவர்

நெருப்பைக் கண்டுபிடித்தவர் யாரென்று யாருக்கும் தெரியாது. சக்கரத்தைக் கண்டுபிடித்தவரும் பெயர் எழுதி வைக்கவில்லை. ஆனால் மனித குலத்தின் மூன்றாவது மாபெரும் கண்டுபிடிப்பான ‘நியாய விலை வாய்ப்பாட்டை’ உலகுக்கு அளித்தவர் எங்கள் நிர்வாக இயக்குநர்தான் என்பதற்கு எழுத்துபூர்வமான ஆதாரம் இருக்கிறது. அந்தக் கூட்டக் குறிப்பை எழுதியவனே நான்தான். பதவி, முதுநிலை விலை நிர்ணய அலுவலர். எங்கள் அலுவலகத்தில் இளநிலை விலை நிர்ணய அலுவலர் என்று யாரும் கிடையாது. இருந்தாலும் நான் முதுநிலைதான்.

எங்கள் நிறுவனம் விற்பது ஒரே ஒரு மென்பொருள். பெயர் ‘சிக்கனம்’. கண்ணாடிக் கடைக்காரர்களுக்காகச் செய்தது. ஜன்னலுக்கு இத்தனை, அலமாரிக்கு இத்தனை, மீன் தொட்டிக்கு இத்தனை என்று அளவுகளைக் கொடுத்தால், ஒரு முழு ஷீட் கண்ணாடியில் எதை எங்கே வெட்டினால் குறைவாக வீணாகும் என்று படம் போட்டுக் காட்டும். நல்ல மென்பொருள். இதைச் சம்பளத்துக்காகச் சொல்லவில்லை.

நகரத்தில் முன்னூற்றுப் பதினோரு கண்ணாடிக் கடைகள். முதல் ஆண்டு தொண்ணூறு கடைகள் வாங்கின. ஆண்டுச் சந்தா இரண்டு ஷீட் கண்ணாடியின் விலை. கண்ணாடிக்காரர்கள் எதையும் ஷீட் கணக்கில்தான் பேசுவார்கள். பல் கட்டியதற்கு எத்தனை ஷீட், பையன் படிப்புக்கு எத்தனை ஷீட் என்பார்கள். எனக்கும் அதுவே பழகிவிட்டது. எங்கள் நிறுவனத்தின் ஆண்டுச் செலவு நூற்றெண்பது ஷீட். தொண்ணூறு பேர் ஆளுக்கு இரண்டு ஷீட் கொடுத்தால் சரியாகப் போயிற்று. இதைப் பார்த்ததும் இயக்குநருக்குப் பொறி தட்டியது. செலவைக் காசு கொடுக்கிறவர்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். வருவதுதான் விலை. கூட்டத்தில் இருந்த நாங்கள் எழுந்து நின்று கை தட்டினோம். கணக்கர் மட்டும் உட்கார்ந்தபடி தட்டினார், அவருக்கு முட்டி வலி.

இரண்டாம் ஆண்டு தெருமுனையில் கைப்பேசி உறை விற்கும் கடை ஒன்று முளைத்தது. கடைக்காரரை எல்லோரும் உறைக்காரர் என்றே கூப்பிட்டார்கள். அவரிடம் ஒரு உறை வாங்கினால் ‘சிக்கனம்’ இலவசம். பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிடுவார். உறை என்ன விலை என்றால், உறை விலைதான். அந்த ஆண்டு கண்ணாடிக்காரர்கள் எல்லோருடைய கைப்பேசியும் புது உறையில் மின்னியது. எங்களிடம் நாற்பத்தைந்து பேர்தான் மிஞ்சினார்கள்.

“பதற வேணாம்,” என்றார் இயக்குநர். “வாய்ப்பாடு இருக்கு. நூத்தி எண்பதை நாப்பத்தஞ்சால வகுங்க.”

“நாலு வருது சார்.”

“அப்போ விலை நாலு ஷீட். நமக்கு ஒரு பைசா நஷ்டம் இல்லை பாத்தீங்களா? திருடினவன் வெக்கப்படட்டும்!”

திருடியவர்கள் வெட்கப்பட்டார்களா என்பதை அறிய எங்களிடம் வசதி இல்லை. ஆனால் வாங்கியவர்கள் கணக்குப் போட்டார்கள். நான்கு ஷீட்டா, ஒரு உறையா? மூன்றாம் ஆண்டு இருபது பேர், ஒன்பது ஷீட். நான்காம் ஆண்டு இரண்டே பேர், தொண்ணூறு ஷீட். கழுதை தேய்ந்து கட்டெறும்பானது என்பார்கள். எங்கள் சந்தை தேய்ந்தது உண்மைதான், ஆனால் விலை யானையாகிக்கொண்டே போனது. இதை இயக்குநர் ‘சந்தைச் சுருக்கத்தின் மத்தியிலும் விலை வளர்ச்சி’ என்று ஆண்டறிக்கையில் தடித்த எழுத்தில் போடச் சொன்னார்.

ஒரே ஒரு முறை நான் வேறு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் குற்றத்தை இங்கே ஒப்புக்கொள்கிறேன். முன்னூற்றுப் பதினோரு கடையும் வாங்கினால் ஆளுக்கு எவ்வளவு வரும் என்று வகுத்தேன். அரை ஷீட்டுக்குக் கொஞ்சம் மேல். எந்தக் கடையிலும் ஒரு வாரத்தில் கை தவறி உடைகிற கண்ணாடி அதைவிட அதிகம். தாளைக் கூட்டத்தில் நீட்டினேன்.

இயக்குநர் அதை விரல் நுனியால் பிடித்தார். “அரை ஷீட்டுக்கு வித்தா ஊர்ல என்ன பேசுவாங்க? ‘அரை ஷீட் கம்பெனி’ன்னு பேசுவாங்க. எனக்கு மாமனார் இருக்காருங்க. அவர் முகத்துல நான் முழிக்க வேண்டாமா?”

தாள் திரும்பி வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் நிரலாளர், அதாவது ‘சிக்கனத்தை’ ஒற்றை ஆளாக எழுதியவர், அதை வாங்கிப் பார்த்தார். பிறகு மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அடுத்த மாதம் ராஜினாமா செய்தார்.

அந்த இரண்டு பேரில் ஒருவர் வயதானவர். திருட்டுப் பிரதி என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது, அதனால்தான் வாங்கிக்கொண்டிருந்தார். ஐந்தாம் ஆண்டு கடையை விற்றுவிட்டு மகளோடு போய்விட்டார், வாங்கியவருக்கு உறைக்காரரைத் தெரிந்திருந்தது. மிச்சமிருந்த ஒருவர் என் அக்கா.

என் அக்காவிடம் ஒரே ஒரு குறை உண்டு. கடையில் யாராவது தவறிப்போய்க் கூடுதலாகக் காசு கொடுத்துவிட்டால், மூன்று தெரு தாண்டிப் போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவாள். சின்ன வயதிலேயே இப்படித்தான். அப்பாவும் அம்மாவும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். தனி ஆளாகக் கடை வைத்தாள். நான்கு தொழிலாளிகள், ஒரு வெட்டுமேசை, ஒரு சுமை வண்டி என்று வளர்த்தாள். வருடத்துக்கு ஆயிரத்தைந்நூறு ஷீட் வெட்டுகிற கடை. ‘சிக்கனத்தால்’ அவளுக்கு வருடத்துக்கு நூறு ஷீட் மிச்சமானது. அந்த ஆண்டுச் சந்தா பில்லை நானே நேரில் கொண்டு போனேன்.

“என்னடா, இந்த வருஷம் எத்தனை ஷீட்?” என்றாள், கண்ணாடி ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே.

“நூத்தி எண்பது, அக்கா.”

தேய்ப்பது நின்றது. “எனக்கு மிச்சமாகிறதே நூறுடா. நூறு மிச்சம் பிடிக்க நூத்தி எண்பது குடுக்கணுமா? எந்த ஊரு சிக்கனம்டா இது?”

“எங்ககிட்ட வேற யாரும் இல்லைக்கா. நீயும் நிறுத்திட்டா கம்பெனியை மூடிடுவாங்க. எனக்கு இந்த வயசுல யாரு வேலை குடுப்பா? விலை வைக்கிறதைத் தவிர எனக்கு வேற ஒண்ணும் தெரியாது.”

“அதுவும் தெரியலையேடா,” என்றாள். ஆனால் அன்று சாயங்காலமே சுமை வண்டியை விற்றாள். மறுநாள் பணம் கட்டினாள். அதிலிருந்து என் சம்பளம் வந்தது. அந்த மாதம் நான் ஒரு நல்ல செருப்பு வாங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காசு கொடுத்து வாங்குகிறவருக்கு நாங்கள் எத்தகைய பாதுகாப்பு அளித்தோம் என்பதையும் உலகம் அறிய வேண்டும். எங்கள் ‘திருட்டுத் தடுப்புத் துறை’யின் தலைவரைப் பூட்டு என்று கூப்பிடுவோம். ஆண்டுதோறும் அவர் ‘சிக்கனத்துக்கு’ ஒரு புதிய பூட்டுப் போடுவார். உறைக்காரர் ஒரே மத்தியானத்தில் அதைக் கழற்றிவிடுவார். ஆகவே பூட்டு இல்லாத பிரதி முன்னூற்றுப் பத்துக் கடைகளிலும், பூட்டு உள்ள பிரதி அக்கா கடையிலும் ஓடின. அக்கா தினமும் காலையில் ‘நான் திருடவில்லை’ என்று மூன்று முறை பிழையில்லாமல் தட்டச்சு செய்ய வேண்டும். பிறகு இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்த இருபது நிமிடமும் நான்கு தொழிலாளிகள் வைரக் கட்டரைக் கையில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

“பூட்டு யாருக்குப் போடறீங்க?” என்று ஒரு முறை பூட்டிடம் கேட்டேன்.

“திருடனுக்கு.”

“திருடன்கிட்டதான் பூட்டே இல்லையே?”

“அதனாலதான் அவன் திருடன்,” என்றார் பூட்டு. தர்க்கத்தில் ஓட்டை இல்லை. தேடிப் பார்த்தேன்.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் மீது ‘போட்டி’ என்னும் பேராபத்து பாய்ந்தது. ராஜினாமா செய்த நிரலாளர் எதிர்க் கட்டடத்தின் மாடியில் ஒரு அறை பிடித்தார். புதிதாக ஒரு மென்பொருள் எழுதினார். அதுவும் கண்ணாடி வெட்டும். அதற்குப் பூட்டே கிடையாது. ஆண்டுக்கு அரை ஷீட். முதல் வாரத்தில் நாற்பது கடைக்காரர்கள் காசு கொடுத்து வாங்கினார்கள்! ஆமாம், நான்கு வருடமாக உறை மாற்றிக்கொண்டிருந்த அதே ஆட்கள். உறைக்காரர் கொடுக்கும் பிரதியில் நீளமும் அகலமும் அவ்வப்போது இடம் மாறிவிடும். அரை ஷீட்டுக்கு அந்தத் தொல்லை ஒழிந்தது என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

அக்காவும் கூப்பிட்டாள். “அரை ஷீட்டாமேடா. உன் பழைய கூட்டாளிதானே? நல்லாயிருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க.”

“அக்கா,” என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை. குரலை மட்டும் கொஞ்சம் தழுதழுக்க விட்டேன்.

“சரி சரி, அழாதே. போகலை,” என்று வைத்துவிட்டாள்.

அவசரக் கூட்டம் கூடியது. கதவைச் சாத்தினோம். விலையைக் குறைக்கலாமா என்று கணக்கர் முனகினார். அவரை வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னோம். இயக்குநர் நெடுநேரம் ஜன்னல் வழியாகத் தெருமுனையைப் பார்த்தார். பிறகு திரும்பினார். முகத்தில் பிரகாசம்.

“அரை ஷீட்டை எது ஜெயிக்கும்?”

எல்லோரும் குறிப்பேட்டைத் திறந்தோம்.

“இலவசம்! நம்ம திருட்டுப் பிரதி மட்டும் நல்லபடியா ஓடினா எவன் அரை ஷீட் குடுத்து அவனோடதை வாங்குவான்? உறைக்காரருக்கு நாமளே உதவணும். நல்ல பிரதியா குடுக்கணும். திருட்டு மேல நாம இத்தனை நாள் காட்டின அலட்சியம்தாங்க நம்மளை இந்த நிலைக்குக் கொண்டுவந்திருக்கு.”

‘நல்லெண்ணத் தூதர்’ என்ற கூடுதல் பொறுப்பு எனக்கு வழங்கப்பட்டது. பூட்டு, பூட்டில்லாத புதிய பதிப்பைத் தன் கையாலேயே பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தார். கொடுக்கும்போது கண் கலங்கினார். நான் தெருமுனைக்கு நடந்தேன். ஐம்பது அடி தூரம். பயணப்படி எழுதி வாங்கிக்கொண்டேன்.

உறைக்காரர் என்னைப் பார்த்ததும் ஓடுவார் என்று எதிர்பார்த்தேன். ஓடவில்லை, பிடித்துக்கொண்டார்.

“நீங்கதானா அந்தக் கம்பெனி? உங்களைத்தான் சார் தேடிட்டிருந்தேன். என்ன சார் சாப்ட்வேர் பண்றீங்க? மீன் தொட்டிக்கு அளவு போட்டா ஜன்னலுக்கு வெட்டச் சொல்லுது. எனக்கு எத்தனை போன் வருது தெரியுமா? உங்களுக்கு என்ன, ஒரே ஒரு கஸ்டமர். எடுத்தா எடுப்பீங்க, இல்லாட்டி விட்டுடுவீங்க. எனக்கு முன்னூத்திப் பத்து பேரு! நான் நாளைக்கு இந்தத் தெருவுல தலை நிமிர்ந்து நடக்க வேண்டாமா?”

நிறுவனத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டேன். வேறு வழி தெரியவில்லை. அவர் கேட்பதில் நியாயம் இருந்தது.

“மன்னிப்பு யாருக்கு வேணும்? போன் எடுக்க ஆளைப் போடுங்க,” என்றார்.

போட்டோம். ‘திருட்டு வாடிக்கையாளர் சேவைப் பிரிவு’ என்று ஒன்று உருவானது. நான்கு பேர், நான்கு தொலைபேசிகள், சிரித்த முகத்தோடு பேச ஒரு வாரப் பயிற்சி. காசு கொடுத்தவருக்கென்று இருந்த ஒரே தொலைபேசியை எடுத்துவிட்டோம், ஏனென்றால் ஒருவருக்காக ஒரு தொலைபேசி வைப்பது ‘வள விரயம்’. மூன்று மாதத்தில் எதிர்க் கட்டடத்து மாடி காலியானது. நிரலாளர் கடன்பட்டு, தாடி வளர்த்து, எங்களிடமே வேலை கேட்டு வந்தார். சேவைப் பிரிவில் ஐந்தாவது நாற்காலியைப் போட்டோம். போட்டி ஒழிந்தது. இயக்குநர் இனிப்பு வாங்கிக் கொடுத்தார்.

சேவைப் பிரிவால் ஆண்டுச் செலவு இருநூற்று நாற்பது ஷீட் ஆயிற்று. வாய்ப்பாடு தன் கடமையைச் செய்தது. கீழே ஒன்று, மேலே இருநூற்று நாற்பது.

புதிய விலையை அறிவிக்க ‘வாடிக்கையாளர் பெருமாநாடு’ நடந்தது. அறுபது நாற்காலிகள் வாடகைக்கு எடுத்தோம். அக்கா முதல் வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். விரலில் கட்டு. இயக்குநர் ஒலிபெருக்கியில் பேசினார். “பெரியோர்களே, இங்கு திரளாகக் கூடியிருக்கும் வாடிக்கையாளர்களே!” அக்கா திரும்பிப் பின்னால் பார்த்தாள். சிறந்த வாடிக்கையாளருக்கான இரண்டாம் பரிசு அவளுக்கு வழங்கப்பட்டது. முதல் பரிசுக்கு யாரும் தகுதி பெறவில்லை என்று நடுவர் குழு கருதியது.

“ஒரு சந்தேகம்,” என்று அக்கா எழுந்தாள். “திருடறவங்களுக்குப் போன் எடுக்கிற அஞ்சு பேருக்கும் நான்தான் சம்பளம் குடுக்கணுமா?”

இயக்குநர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். அவளுடைய இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார். “உங்களை விட்டா எங்களுக்கு யாரும்மா இருக்கா?”

உண்மையான உணர்ச்சியோடு சொன்னார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அக்கா வெளியே வந்து என்னிடம் சொன்னாள். “இப்ப எனக்கு ஒரு பள்ளிக்கூட வேலை வந்திருக்கு. நூத்தி நாப்பது ஜன்னல். வெள்ளிக்கிழமை குடுக்கணும். அது முடிஞ்சா தொழிலாளிங்களுக்கு மூணு மாசச் சம்பளத்தை அடைச்சிடுவேன். முடியலைன்னா கடையை மூடறதைத் தவிர வழியில்லைடா. உன் சந்தாவை அதுக்கப்புறம் பேசுவோம்.”

நூற்று நாற்பது ஜன்னல் கண்ணாடியை அடுக்க இடம் வேண்டும் என்று புதன்கிழமை காலை தொழிலாளிகள் கணினி மேசையை இரண்டடி நகர்த்தினார்கள். பூட்டின் புதிய கண்டுபிடிப்பு அதை உணர்ந்துகொண்டது. நேர்மையானவர் மேசையை ஏன் நகர்த்தப்போகிறார்? திரை சிவந்தது. ‘இது திருட்டுப் பிரதி. நீங்கள் ஒரு திருடர். உரிமையாளரைத் தொடர்புகொள்ளவும்.’ அக்கா தொடர்புகொண்டாள். தொலைபேசிதான் இல்லையே. நேரில் வந்தாள். பூட்டு பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தார், திங்கட்கிழமைதான் வருவார். அவர் வராமல் பூட்டைத் திறக்கும் அதிகாரம் இயக்குநருக்கே கிடையாது. அவ்வளவு பலமான பூட்டு.

அக்கா நேராகத் தெருமுனைக்குப் போனாள். “ஒரு உறை குடுங்க,” என்றாள்.

உறைக்காரர் எடுத்த உறையை மறுபடியும் ஆணியில் மாட்டினார். “உங்ககிட்ட இருக்கிறது பட்டன் போன் ஆச்சே அக்கா? நீங்க... நீங்க அந்த ஒரிஜினல் வாங்கறவங்கதானே?” கை கூப்பினார். “வேணாம் அக்கா. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். நீங்க ஒருத்தர் கட்டறதாலதான் கம்பெனி ஓடுது. கம்பெனி ஓடறதாலதான் வருஷா வருஷம் புதுசு வருது. புதுசு வந்தாத்தானே நான் காப்பி எடுக்க முடியும்? நீங்க மட்டும் திருட ஆரம்பிச்சீங்கன்னா என் பொழப்புல மண்ணுதான்!”

செய்தி காற்றில் பரவியது. மத்தியானத்துக்குள் கண்ணாடி வணிகர் சங்கமே அக்கா கடைக்கு வந்துவிட்டது. சுமை வண்டி நின்ற இடத்தில் கூட்டமாக நின்றார்கள். எல்லோர் கையிலும் புது உறை.

“எங்க குடும்பமெல்லாம் உங்களை நம்பித்தான் இருக்கு,” என்றார் சங்கத் தலைவர். “திடீர்னு திருட்டு வழிக்குப் போறேன்னு சொன்னா எப்படிம்மா? இத்தனை வருஷம் கட்டிக் காப்பாத்தின பேரு என்ன ஆறது?”

“எனக்கு இருநூத்தி நாப்பது ஷீட் கட்ட முடியாதுண்ணே,” என்றாள் அக்கா.

கூட்டம் உருகிவிட்டது. ஒருவர் பின்னாலிருந்து கத்தினார். “நாம எல்லாரும் ஆளுக்கு முக்கால் ஷீட் போட்டா அந்தம்மா பாரம் முழுசா இறங்கிடுமே!”

பலர் பைக்குள் கைவிட்டது கூட எனக்குத் தெரிந்தது. சங்கத் தலைவர் திடுக்கிட்டுக் கையை உயர்த்தினார். “நில்லுங்க, நில்லுங்க! அப்படிப் போட்டா நாம காசு குடுத்து வாங்கின மாதிரி ஆயிடாதா?”

எல்லோரும் கையை வெளியே எடுத்தார்கள். பெரிய விபத்திலிருந்து தப்பிய ஆறுதல் எல்லோர் முகத்திலும் இருந்தது. அக்காவுக்கு ‘நேர்மைச் செல்வி’ என்ற பட்டம் வழங்கத் தீர்மானித்துக் கலைந்தார்கள்.

கடையில் நானும் அவளும் தொழிலாளிகளும் மட்டும் இருந்தோம். என் சட்டைப்பையில், உறைக்காரருக்குக் கொடுக்க வேண்டிய, பூட்டில்லாத புதிய பதிப்பின் பென் டிரைவ் இருந்தது. அவளுக்கு அது தெரியும். கையை நீட்டினாள்.

என் வாழ்க்கையில் அலுவலகக் கூட்டம் கூட்டாமல் நான் எடுத்த ஒரே முடிவு அதுதான். நானே உட்கார்ந்து கணினியில் ஏற்றிக் கொடுத்தேன். ‘நான் திருடவில்லை’ என்று தட்டச்சு செய்யும்படி அது கேட்கவில்லை. இருபது நிமிடம் காக்கவும் சொல்லவில்லை. திறந்த உடனே படம் போட்டது. தொழிலாளிகள் விசிலடித்தார்கள். அக்கா, “இவ்வளவு நல்லா ஓடுமாடா இது!” என்றாள். ஐந்து வருடத்தில் அவள் எங்கள் மென்பொருளைப் பாராட்டியது அன்றுதான். வெள்ளிக்கிழமை மத்தியானம் நூற்று நாற்பது ஜன்னலும் போய்ச் சேர்ந்தன. சம்பளப் பாக்கி தீர்ந்தது. கடை பிழைத்தது. எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் என் அக்காவுக்கு அந்த ஒரு குறை உண்டே. அடுத்த வாரம் ஒரு அளவை அங்குலத்திலிருந்து மில்லிமீட்டருக்கு மாற்றத் தெரியாமல் சேவைப் பிரிவைக் கூப்பிட்டிருக்கிறாள். எங்கள் ஊழியர் வழக்கம்போல் பெயர் கேட்டார். மற்ற முன்னூற்றுப் பத்துப் பேரும் ‘நிலா’, ‘ஆகாயம்’, ‘சும்மா ஒரு பேரு போட்டுக்கங்க’ என்றுதான் சொல்வார்கள். அக்கா தன் பெயர், கடைப் பெயர், கதவு எண், கைப்பேசி எண் எல்லாவற்றையும் சொல்லி, “ரெண்டு தடவை படிச்சுக் காட்டும்மா, தப்பா எழுதிடப் போறே,” என்றும் சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் இயக்குநர் அந்தத் தாளை மேசைமேல் வைத்தார். வாய்ப்பாட்டையும் பக்கத்தில் வைத்தார்.

“இப்போ காசு கட்டறவங்க எத்தனை பேர்?”

“பூஜ்யம் சார்.”

“இருநூத்தி நாப்பதைப் பூஜ்யத்தால வகுத்தா?”

“அளவே இல்லாமப் போகும் சார்.”

“பாருங்க! நம்ம பொருள் இன்னிக்கு விலைமதிப்பில்லாதது ஆயிடுச்சு. அதைப் போய்த் திருடியிருக்காங்க.” மேசையைத் தட்டினார். “கம்பெனி வரலாற்றுலயே முதல் வழக்கு. யார் மேல போடறது? முன்னூத்திப் பத்து பேரோட முகவரி நம்மகிட்ட இல்லை. ஒருத்தரோடது இருக்கு.”

புகார் மனுவை யார் எழுதுவது என்ற கேள்வியே எழவில்லை. நல்ல நடை எனக்குத்தான் உண்டு. எழுத மாட்டேன் என்று சொல்லலாம் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே எழுதி முடித்துவிட்டேன்.

காவல் நிலையத்தில் ஒரு பெரிய மேசை, அதன் ஒரு காலுக்கு அடியில் மடித்த அட்டை. இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் அக்கா, கடையிலிருந்து நேராக வந்ததால் முழங்கை வரை கண்ணாடித் தூள். வெளியே வாசலில் கண்ணாடி வணிகர் சங்கம் கூடி, ‘திருட்டை ஒழிப்போம்’ என்று கோஷம் போட்டது. உறைக்காரர் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி வயதானவர். கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு மனுவை இரண்டு முறை படித்தார்.

“இது காப்பின்னு நான் எப்படி நம்பறது? ஒரிஜினல் எப்படியிருக்கும்னு தெரியணும்ல? காசு குடுத்து ஒழுங்கா வாங்கினவங்க யாரையாவது சாட்சிக்குக் கூட்டிட்டு வாங்க.”

“ஒரே ஒருத்தர்தான் இருந்தாங்க சார்.”

“கூப்பிடுங்க அவங்களை.”

“வந்திருக்காங்க சார்.”

“எங்கே?”

மேசையின் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். அக்காவைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டுப் பேனாவை மறுபடி எடுத்தார்.

“இதை உங்களுக்குப் போட்டுக் குடுத்தது யாரும்மா? சொல்லிட்டீங்கன்னா உங்களை விட்டுட்டு அந்த ஆளைப் பிடிச்சுக்கறோம்.”

நான் குனிந்து மேசைக்காலுக்கு அடியில் இருந்த அட்டையைப் பார்த்தேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

“தெரியாதுங்க,” என்றாள். “யாரோ வழியில போறவங்க.”

மூன்று தெரு தாண்டிச் சில்லறையைத் திருப்பிக் கொடுக்கிறவள் சொன்ன முதல் பொய். அதிகாரி அதை எழுதிக்கொண்டார். தாளைத் திருப்பி என் முன் வைத்து, சாட்சி கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார். போட்டேன். பக்கத்தில் இன்னும் ஒரு கட்டம் காலியாக இருந்தது.

“இதையும் நிரப்பணும்,” என்றார். “இவங்க உங்களுக்கு என்ன வேணும்?”

அக்கா அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“முன்னாள் வாடிக்கையாளர்,” என்றேன்.